பதின்பருவ உறக்கமும் பள்ளி தொடங்கும் நேரமும்

2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசின் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மழலையர் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன்னர் பாடங்களைத் தொடங்கலாகாது என்பது அதன் சாரம். குழந்தைகளுக்குப் போதிய உறக்கம் கிடைக்குமாறு பள்ளி நேரத்தை மாற்றியமைக்கலாம் என, அன்றைய ஆளுநர் ரமேஷ் பைஸ் 2023 டிசம்பரில் கூறிய யோசனையே அதற்கு வித்திட்டது. நோக்கம் பாராட்டுக்குரியது. ஆயினும், உறக்கம் பற்றிய ஆய்வுகளை அறிந்தவர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. இயல்பாகவே விடியலில் விழித்துக்கொள்ளும் ஏழு வயதுச் சிறுவனுக்கு 9 மணி. எழுப்பினாலும் எழ முடியாமல் தவிக்கும் அவனுடைய பதினாறு வயது அண்ணனுக்குப் பழையபடி 7 மணி. சலுகை உரியவரைத்தான் சென்றடைந்ததா?

பதின்பருவத்தினர் இரவில் நெடுநேரம் விழித்திருப்பதையும் காலையில் புரண்டு படுப்பதையும் சோம்பல் என்றே நம் வீடுகளில் கருதுகிறோம். கைப்பேசி வந்த பிறகு குற்றம் முழுவதும் அதன் தலையில் ஏறிவிட்டது. கைப்பேசிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அது மட்டுமே காரணமன்று. மூளையின் உட்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதி, ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் உடலின் இயக்கங்களை நடத்துகிறது. இருள் சூழ்ந்ததும் அதன் கட்டளையால் மெலட்டோனின் என்னும் இயக்குநீர் சுரந்து, உறக்கத்திற்கு உடலை ஆயத்தப்படுத்துகிறது. பூப்பெய்தும் பருவத்தில் இச்சுரப்பு தொடங்கும் நேரமே பின்னோக்கித் தள்ளிப்போகிறது. சிலருக்கு இரண்டு மணி நேரம் வரையிலும் தள்ளிப்போகலாம். பகல் முழுதும் விழித்திருப்பதால் சேரும் உறக்க அழுத்தமும் இவ்வயதினரிடம் மெதுவாகவே கூடுகிறது. எனவே 9 மணிக்கே விளக்கை அணைத்துப் படுக்கவைத்தாலும் 11 மணி வரை உறக்கம் வராமல் கிடப்பது அவர்களின் பிடிவாதமன்று. இப்போக்கு இருபது வயதையொட்டி உச்சத்தை எட்டி, பின்னர் மெல்லத் திரும்புகிறது.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. 11 மணிக்கு உறங்கி 5.30 மணிக்கு எழும் மாணவிக்குக் கிடைப்பதோ ஆறரை மணி நேரம். அவள் இழப்பதும் இரவின் கடைசிப் பகுதியை. கனவுகள் மிகுந்த உறக்கம் பெரிதும் அப்பகுதியில்தான் அமைகிறது. இப்பற்றாக்குறையை ஆய்வாளர்கள் ‘உறக்கக் கடன்’ என்கின்றனர். கடன் எவ்வாறு பெருகும் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கூறலாம்: ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வரை உறங்குவதால் இக்கடன் முழுவதும் அடைபடுவதில்லை, திங்களன்று எழுவதுதான் மேலும் கடினமாகிறது.

அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேரி கார்ஸ்கடன் இத்துறையின் முன்னோடி. 8.25 மணிக்குத் தொடங்கும் வகுப்பிலிருந்து 7.20 மணிக்குத் தொடங்கும் மேல்வகுப்புக்குச் சென்ற மாணவர்களை அவருடைய குழு ஆராய்ந்து, 1998இல் முடிவுகளை வெளியிட்டது. பள்ளி முன்னதாகத் தொடங்கியதால் அவர்கள் இரவில் முன்னதாக உறங்கிவிடவில்லை. உறக்கம் குறைந்ததே மிச்சம். காலை 8.30 மணியளவில் சோதித்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் கண்மூடிய சில நிமிடங்களில் நேரே கனவு உறக்கத்தில் ஆழ்ந்தனர். கட்டுக்கடங்காத பகலுறக்க நோய் உடையவர்களிடம் காணப்படும் நிலை அது. உடல் வகுப்பறையில் இருந்தது. மூளை இன்னும் இரவில் இருந்தது. அத்தகைய வேளையில்தான் நாம் கணிதத் தேர்வு நடத்துகிறோம்.

நேரத்தை மாற்றினால் பயன் உண்டா என்பதற்குச் சியாட்டில் நகரம் விடையளித்தது. 2016இல் அங்கு உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கம் 7.50 மணியிலிருந்து 8.45 மணிக்கு மாற்றப்பட்டது. இரண்டு பள்ளிகளின் மாணவர்களுக்கு மணிக்கட்டில் அசைவுமானி அணிவித்து ஆராய்ந்ததில், உறக்கம் நாளொன்றுக்கு 34 நிமிடங்கள் கூடியிருந்தது. கிடைத்த நேரத்தைப் பிள்ளைகள் இரவில் விழித்திருந்தே வீணாக்குவர் என்ற ஐயம் பொய்த்தது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் மிகுதியாகப் படித்த பள்ளியில், தாமத வருகையும் விடுப்பும் குறைந்து மற்றப் பள்ளியின் அளவை நெருங்கின. பின்னர் கலிபோர்னியா மாநிலம் இதனைச் சட்டமாகவே ஆக்கியது. 2022 ஜூலை முதல் அங்குப் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் 8.30 மணிக்கு முன் தொடங்குதல் கூடாது.

நம் நாட்டில் இதனை அப்படியே பின்பற்றுதல் எளிதன்று. நெருக்கமான நகரங்களில் ஒரே கட்டடத்தில் காலைப் பிரிவு, பிற்பகல் பிரிவு என இரண்டு பள்ளிகள் நடக்கின்றன. ஒரே பேருந்து இரண்டு மூன்று நடை செல்கிறது. பெற்றோர் இருவரும் பணிக்குப் புறப்படும் நேரமும் பார்க்கவேண்டும். போதாக்குறைக்கு, கிழக்கிற்கும் மேற்கிற்கும் சூரிய உதயத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேர வேறுபாடு உள்ள இப்பெருநாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே. பொருளியல் ஆய்வாளர் மௌலிக் ஜக்னானி இந்தியத் தரவுகளைக் கொண்டு கண்ட முடிவு சிந்திக்கத்தக்கது. சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாக மறையும் இடங்களில் பிள்ளைகளின் உறக்கம் சுமார் அரை மணி நேரம் குறைகிறது. அவர்கள் பெறும் கல்வி ஆண்டுகளும் குறைகின்றன. இவ்விழப்பு ஏழைக் குடும்பங்களிலேயே மிகுதி. இரைச்சலும் புழுக்கமும் நிறைந்த ஓரறை வீட்டில் முன்னதாக உறங்குவது எப்படி?

2022இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கத்திற்கு முன்னதாக 9.30 மணிக்கே விசாரணையைத் தொடங்கிய நீதியரசர் யு. யு. லலித், பிள்ளைகள் 7 மணிக்குப் பள்ளி செல்லும்போது நாம் 9 மணிக்கு வரலாகாதா என்று கேட்டார். பெரியவர்களை நாணச் செய்யும் கேள்விதான். ஆனால் அதன் மறுபக்கமும் கேட்கத்தக்கது: பிள்ளைகள் எதற்காக 7 மணிக்குச் செல்லவேண்டும்?

சியாட்டிலில் உயர்நிலைப் பள்ளிகள் பின்தள்ளப்பட்டபோது, பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் அவற்றுக்கு முன்னதாகத் தொடங்கின. பேருந்துகள் இரு சாராருக்கும் முறைவைத்து ஓடின. இரண்டு பிரிவுகள் நடத்தும் நம் பள்ளிகளிலும் சிறியோர் காலையிலும் மேல்வகுப்பினர் அதன் பின்னரும் வரலாம்; புதிய கட்டடம் தேவையில்லை. மாலை இருட்டில் வீடு திரும்பும் மாணவியரின் பாதுகாப்பு இதில் மெய்யான சிக்கல். அதற்கு வழிசெய்யாமல் நேரத்தை மட்டும் மாற்றுதல் முறையன்று. ஒரே பிரிவு நடத்தும் பள்ளிகளில் 8.30 மணித் தொடக்கத்திற்கு அத்தடையும் இல்லை.

அதுவரை வீட்டில் செய்யத்தக்கவை சில. அதிகாலை 5 மணித் தனிப்பயிற்சி வகுப்பை மாலைக்கு மாற்றக் கேளுங்கள். எழுந்ததும் பிள்ளைகள் சிறிது நேரம் வெளிவெயிலில் நிற்கட்டும். காலை ஒளி உடற்கடிகாரத்தை முன்னோக்கி நகர்த்தும். இரவு உணவுக்குப் பின் தேநீரும் காப்பியும் வேண்டா. விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக உறங்கினால் எழுப்பாதீர்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில், மதிப்பெண் பற்றிப் பேசும் முன், முதல் பாடவேளையில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.