குருதியின் குருத்து

மாட்டுங்காவிலிருந்து தொடர்வண்டியில் இரண்டாம் நிலையம் பரேல். அங்குள்ள தேசிய இனப்பெருக்க, குழந்தைகள் நல ஆராய்ச்சி நிறுவனத்தில் ‘கைண்ட்-1’, ‘கைண்ட்-2’ என்னும் மனிதக் கருக் குருத்தணு வரிசைகள் உருவாக்கப்பட்டன. கருக் குருத்தணு உடலின் எவ்வகை உயிரணுவாகவும் விரியவல்லது; இப்பெயரைச் சூட்டியவர் வாழைத்தோட்டம் கண்டவர் போலும்!

அதனைக் குருதியாக்குவன வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்கள். முதலில் பி.எம்.பி.-4 அதனைக் கருவின் இடையடுக்காக மாற்றும், வி.இ.ஜி.எஃப். குருதிப் பாதையில் செலுத்தும். பின்னரே, சிறுநீரகத்தில் சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் சிவப்பணுக்களைப் பெருக்கும். முறை பிறழ்ந்தால் குருதி விளையாது.

தலசீமியா முற்றிய குழந்தைகள் சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் குருதி ஏற்றே வாழ்கின்றனர். ஆய்வகச் சிவப்பணு அவர்களுக்கு இன்னும் எட்டவில்லை. அதில் பெரும்பாலும் கருப்பருவ ஹீமோகுளோபினே உள்ளது. பலவற்றில் உட்கருவும் நீங்குவதில்லை.

பயிற்சி: ‘குருதியாக்குவன’ – இலக்கணக் குறிப்புத் தருக.