சொன்னவர் பெயர்

லுணுகலை

மருமகனுக்கு,

நீ அனுப்பிய வம்சாவளிப் படம் நேற்றுத் தபாலில் வந்தது. ஆறு தலைமுறையை ஒரே தாளில் அடக்குவதற்கு நீ பட்ட பிரயாசை கண்கூடாகத் தெரிகிறது. உன் மாமியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயர் இருக்கும் மூலையை மூன்று தரம் பார்த்துவிட்டாள். ஆனாலும் எனக்கு ஒரு குறை. அந்தத் தாளில் நாற்பது பேருக்குமேல் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி உனக்குச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

இதை வெறும் மரியாதை விஷயம் என்று எண்ணிவிடாதே. முப்பது வருஷங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு படம் எழுதினேன். தோட்டத்துப் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப்பதிவு) தாள் ஒன்றில் கண்ட பெயரை நம் பூட்டனுடையது என்று நிச்சயித்து, எங்கிருந்து எடுத்தேன் என்று குறிக்காமலே, கேட்ட உறவினர்களுக்கெல்லாம் பிரதி கொடுத்தேன். சில காலம் சென்று அதே பெயர் கூடலூரிலிருந்து வந்த கடிதம் ஒன்றிலும், ஹாலிஎலையில் அச்சிட்ட கலியாண மலர் ஒன்றிலும் தலைகாட்டியபோது, சாட்சிகள் சேர்ந்துவிட்டதாகப் பூரித்துப்போனேன். விசாரித்துப் பார்த்தால் இரண்டும் என் கைச்சரக்கே! பிழையை அவிழ்த்தது எழுதப் படிக்கத் தெரியாத என் பெரியம்மாதான். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது பூட்டன் பிறந்த ஊரையும், அவர் உடன்பிறந்தார் பெயர்களையும் வரிசை தவறாமல் சொல்லி அழுவாள். அவ்வரிசையில் வருவது சேலம் ஜில்லா. செக்ரோலில் கண்ட பெயருக்கு உரியவரின் பேரப்பிள்ளைகளோ தங்கள் பூர்வீகம் துறையூர்ப் பக்கம் என்றார்கள். ஒரே பெயர், வேறு ஆள், தோட்டத்தின் பக்கத்து டிவிசன். அந்தக் கலியாண மலரை இனி யார் திருத்துவது?

நம் மலையகத் தோட்டத்து ஜனங்களுக்கு வம்சாவளி என்பது பொழுதுபோக்காக ஆரம்பித்த காரியமன்று. 1948ஆம் வருஷத்து இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இந்நாட்டில் பிறந்ததற்கோ, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கோ அத்தாட்சி கேட்டபோது, லயத்துக் காம்பராக்களில் பெட்டி பெட்டியாகத் தேடியும் ஒரு துண்டுக் காகிதம் அகப்படாமல் கைபிசைந்து நின்றவர்களின் பேரன் நீ. ஆதாரம் இல்லாத பெயருக்கு என்ன மதிப்பு என்பதை நம்மைவிட யார் அறிவார்? அதனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், பிறப்புப் பத்திரமா, கோயில் கணக்கா, தோட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்து, பெட்டியடியில் கிடந்த தகரத் துண்டா, கிழவி ஒருத்தியின் ஞாபகமா, அவள் எந்தத் தோட்டம், எந்த மாதத்தில் சொன்னாள் என்று எழுது. சந்தேகமானால் சந்தேகம் என்றே எழுது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏடு கொடுத்து உதவியவர்களை முகவுரையில் நன்றியோடு குறித்த முறையை நீ கவனிக்க வேண்டும். அவர் பாண்டித்தியம் அதனால் குறைந்துவிடவில்லை.

இன்னொன்று. தேடியதைப் பூட்டி வைக்காதே. 1964ஆம் வருஷத்து சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நம் குடும்பங்களை இரண்டாக வகிர்ந்தது. அண்ணன் மண்டபம் வழியாக இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியில் கொழுந்து பறிக்க, தம்பி இங்கே மடுல்சீமையில் தங்கினான். பாதிச் செய்தி அவர்களிடம், பாதி நம்மிடம். கொடுத்தால்தான் வரும். உனக்கு ஒருவர் அனுப்பிய பட்டியலை அவர் சம்மதமின்றி மூன்றாம் ஆளுக்கு அனுப்பாதே. அனுப்பும்போது அவர் பெயரை வெட்டாதே. உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியும், இரண்டாம் தாரம் முதலான சங்கதிகளும் உன் நோட்டோடு நிற்கட்டும். (உன் பெரிய பாட்டன் விஷயமாக நான் சொன்னதையும் சேர்த்துத்தான்.)

பசறையில் இருக்கும் அத்தைக்கு இப்போது கண் தெரிவதில்லை. பேச்சு மட்டும் தெளிவாக இருக்கிறது. தைப்பொங்கலுக்குள் ஒருநாள் வா, இரண்டு பேருமாக பஸ்ஸில் போய்க் கேட்டுவருவோம். புது நோட்டு ஒன்று கொண்டுவா. முதல் பக்கத்தில் அவள் பெயரை எழுது.

இப்படிக்கு,
உன் மாமன்