படிகம் புதிது, மருந்து புதிதா?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் கந்தகச் சோதனையைப் பார்த்திருப்பீர்கள். கந்தகத் தூளைப் பீங்கான் கிண்ணத்தில் உருக்கி, சற்றே ஆறவிடுவார்கள். மேலே ஆடை படிந்ததும் அதில் துளையிட்டு, உள்ளே உறையாமல் இருக்கும் திரவத்தை வடித்து விடுவார்கள். ஆடையை நீக்கிப் பார்த்தால் ஊசி ஊசியாகப் படிகங்கள் தெரியும். இது ஒற்றைச் சரிவுக் கந்தகம். நாம் சாதாரணமாகக் காண்பது சாய்சதுரக் கந்தகம். இரண்டுக்கும் உருவம் வேறு, உருகுநிலையும் வேறு. ஆனால் எரித்துப் பாருங்கள். இரண்டுமே கந்தக டை ஆக்சைடைத்தான் தருகின்றன.

அப்படியானால், படிக உருவம் மாறினால் பொருள் புதிதாகிவிட்டது என்று சொல்லலாமா?

வேதியியல் ஆசிரியர் வகுப்பில் கேட்கக்கூடிய கேள்வி இது. இதே கேள்வி நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்திலும் எழுந்தது. அங்கே விவாதப் பொருள் கந்தகம் அல்ல. புற்றுநோய்க்கான ஒரு மருந்து. அந்த வழக்கைப் புரிந்துகொள்ள, முதலில் காப்புரிமை என்றால் என்னவென்று பார்ப்போம்.

காப்புரிமை

ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதை எப்படிச் செய்வது என்று மறைக்காமல் உலகுக்கு எழுதிக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலம் வரை அவரது அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று அரசு உத்தரவாதம் அளிக்கிறது. இதுவே காப்புரிமை. இன்று இந்தக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். காலம் முடிந்ததும் கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

நம் நாட்டில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துகளுக்கு ஒரு தனி விதி வகுத்தது. நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கை இச்சட்டத்துக்கு அடிப்படையாக அமைந்தது. இதன்படி மருந்தைத் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை உண்டு. மருந்துப் பொருளுக்குக் கிடையாது. ஆகவே ஒரே மருந்தை வேறு முறையில் தயாரித்துக் குறைந்த விலைக்கு விற்க நம் கம்பெனிகளால் முடிந்தது.

1995இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியது. அதில் சேர்ந்த இந்தியா, மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தர ஒப்புக்கொண்டது. 2005 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஓர் அச்சம் எழுந்தது. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து, மறுபடியும் 20 ஆண்டு உரிமை கேட்டால் என்ன செய்வது? ஆகவே நாடாளுமன்றம் 3(டி) என்ற பிரிவை விரிவாக்கியது. அறிந்த ஒரு பொருளின் புதிய உருவம், அப்பொருளின் செயல்திறனைக் கூட்டினாலன்றி, அது கண்டுபிடிப்பு ஆகாது என்பதே அதன் சாரம்.

மருந்தின் கதை

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் என்று ஒரு நோய் உண்டு. 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகிய இருவரும் இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 1973இல் ஜேனட் ரவுலி அதன் காரணத்தை விளக்கினார். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்கின்றன. இம்மாற்றத்தால் பிறழ்ந்த ஒரு நொதி உண்டாகிறது. திருகு பழுதான குழாயில் நீர் நில்லாமல் கொட்டுவதுபோல, இந்நொதி வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது.

இந்த நொதியின் பள்ளத்தில் பொருந்தி, அதன் வேலையை நிறுத்தும் மூலக்கூறுதான் இமாட்டினிப். சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி இதை மருந்தாக்கியது. 2001இல் அமெரிக்கா இதற்கு அனுமதி வழங்கியது. சில ஆண்டுகளே வாழ்வர் என்று கருதப்பட்ட நோயாளிகள் பலர், நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு நெடுங்காலம் வாழத் தொடங்கினர். அறிவியலின் பெரிய வெற்றிகளுள் இது ஒன்று.

சென்னையில் தொடங்கிய வழக்கு

இம்மருந்து மூன்று படிகளில் உருவானது. முதல் படி, இமாட்டினிப் என்னும் மூலக்கூறு. இரண்டாம் படி, அதை அமிலத்துடன் சேர்த்துப் பெற்ற உப்பு. அதன் பெயர் இமாட்டினிப் மேசிலேட். மூன்றாம் படி, அந்த உப்பின் ‘பீட்டா’ என்ற படிக உருவம்.

முதல் மூலக்கூறுக்கு வெளிநாடுகளில் காப்புரிமை கிடைத்தபோது, இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே இல்லை. 1998இல் கம்பெனி பீட்டா படிகத்துக்காகச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2005க்குப் பிறகு அது பரிசீலனைக்கு வந்தபோது, இந்திய மருந்துக் கம்பெனிகளும் புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு சங்கமும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

எதிர்ப்புக்குக் காரணம் விலை. கம்பெனியின் மருந்துக்கு அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்துக்குச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்தான் ஆனது. காப்புரிமை கிடைத்திருந்தால் 2018 வரை மலிவான மாத்திரையைத் தடுத்திருக்க முடியும். வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டிய மருந்தில் இந்த வேறுபாடு எத்தகையது என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடியது. 2007இல் அவ்வாதம் ஏற்கப்படவில்லை. 2009இல் மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமையை மறுத்தது. கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

எந்தத் திறன்?

பீட்டா படிகம் எளிதில் வழிந்தோடும்; நிலைத்தன்மை மிக்கது; காற்றின் ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும். இவை கம்பெனி கூறிய சிறப்புகள். 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பளித்த நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகியோர் இவற்றை மறுக்கவில்லை. இவை மாத்திரை தயாரிக்கவும் சேமிக்கவும் உதவும். ஆனால் மருந்தைப் பொறுத்தவரை ‘செயல்திறன்’ என்றால் நோய் தீர்க்கும் திறன் என்றே பொருள் என அவர்கள் கூறினர்.

நாம் படித்த வேதியியலையும் இங்கே நினைவுகூரலாம். வயிற்றில் கரைந்த பிறகு படிக அடுக்கு ஏது? கரைந்தபின் இருப்பது மூலக்கூறுதானே!

கம்பெனி இன்னொரு சான்றும் காட்டியது. எலிகளில், இமாட்டினிபைவிட இப்படிக உப்பு 30 சதவீதம் கூடுதலாக இரத்தத்தில் சேர்ந்தது. நீதிமன்றம் கேட்டது: எதனுடன் எதை ஒப்பிட்டீர்கள்? இமாட்டினிப் மேசிலேட் ஏற்கெனவே அறிந்த பொருள். அந்த உப்புடன் அல்லவா பீட்டா படிகத்தை ஒப்பிட வேண்டும்? மேலும், அதிகம் சேர்வதால் மட்டுமே நோய் அதிகம் தீரும் என்று கொள்ள முடியாது. அதை ஆய்வுச் சான்றால் நிறுவ வேண்டும். அத்தகைய சான்று இல்லாததால் காப்புரிமை மறுக்கப்பட்டது.

மறுபக்கம்

கம்பெனியின் தரப்பையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து ஆராய்ச்சிக்குப் பெருஞ்செலவாகிறது. ஊதியம் இல்லையேல் யார் முயல்வார்? இந்தியாவில் பல நோயாளிகளுக்கு அக்கம்பெனி மருந்தை இலவசமாகவும் அளித்தது. படிக உருவம் ஒருபோதும் முக்கியமல்ல என்றும் எண்ணிவிடக் கூடாது. 1998இல் ரிட்டோனாவிர் என்ற எய்ட்ஸ் மருந்தில், எளிதில் கரையாத புதிய படிகம் எதிர்பாராமல் தோன்றியது. அதன் காப்ஸ்யூல்களை விற்பனையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. சிறு மேம்பாடு எதற்கும் காப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் சொல்லவில்லை. மேம்பாட்டை மெய்ப்பித்துக் காட்டுங்கள் என்றே சொல்லிற்று. ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு விதம். அமெரிக்காவில் பீட்டா படிகத்துக்குக் காப்புரிமை கிடைத்தது; அங்கே மலிவு விலை மருந்து 2016இல்தான் வந்தது.

‘இது மேலானது’ என்று ஒருவர் சொன்னால், ‘எதைவிட? எந்தத் திறனில்? சான்று என்ன?’ என்று கேட்பது அறிவியலின் பழக்கம். அந்த மூன்று கேள்விகளை நீதிமன்றம் கேட்டது. விடையைப் பொறுத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கான நோயாளிகள்.

சிந்தியுங்கள்

1. குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய ஒரு மருந்தை, வெளியிலேயே ஆறு மாதம் கெடாமல் இருக்கும்படி ஒருவர் மாற்றுகிறார். மின்சாரம் இல்லாத ஊருக்கு அது பேருதவி. 3(டி) பிரிவின்படி அவருக்குக் காப்புரிமை கிடைக்குமா? கிடைக்க வேண்டுமா?

2. பீட்டா படிகம் நோயை மேலும் நன்றாகத் தீர்க்கிறது என்று காட்ட, நீங்கள் என்ன சோதனை செய்வீர்கள்? எதை எதனுடன் ஒப்பிடுவீர்கள்?