தோலுக்குள் ஒரு பின்னல்



சத்துவாச்சாரியில் பேருந்து ஏறி இராணிப்பேட்டைப் பக்கமோ ஆம்பூர்ப் பக்கமோ சென்றால், வழியில் ஓரிடத்தில் அந்த வாடை வீசும். உடனே கைக்குட்டை மூக்குக்குப் போகும். அது தோல் பதனிடும் தொழிற்சாலை என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும். நம் பள்ளியில் பலருடைய வீட்டில் அடுப்பெரிவது அந்தத் தொழிலால்தான். ஆயினும், அங்கே தோலுக்கு என்னதான் நேர்கிறது என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கார்பன் சேர்மங்களைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு எழுந்த இக்கேள்விக்கு நாங்கள் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

பாலிமர் என்றதும் பிளாஸ்டிக் வாளியும் நைலான் கயிறும் நம் நினைவுக்கு வருகின்றன. சிறு மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாய் நிற்பதே பாலிமர். மனிதன் அவற்றைச் செய்யக் கற்பதற்கு நெடுங்காலம் முன்பே இயற்கை செய்துவிட்டது. பருத்தியும் பட்டும் நம் தலைமுடியும் அவ்வகையைச் சேர்ந்தவை. தோலில் உள்ள 'கொலாஜன்' என்னும் புரதமும் ஒரு பாலிமரே.

இதன் இயல்பை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, சமையலறையே போதும். ஆட்டுக்கால் பாயா ஆறியபின் கெட்டியாக உறைந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? தசைநாண்களில் இருந்த கொலாஜன் கொதிநீரில் கட்டவிழ்ந்து ஜெலட்டினாக மாறுவதே அதற்குக் காரணம். பதனிடாத தோலை நீரில் இட்டுச் சூடேற்றினால், ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி செல்சியசில் சட்டென்று சுருங்கும். வெறும் அமிலத்தில் இட்டால் நீரை உறிஞ்சிப் பருக்கும். அமிலத்துடன் போதிய உப்பும் சேர்த்தால் பருக்காது. இவ்வாறு வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் 'பதில் சொல்லும்' பாலிமர்களை விஞ்ஞானிகள் இன்று புதிதாக உருவாக்கி வருகின்றனர். நம் ஊர்த் தொழிலாளரோ அத்தகைய ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருகின்றனர்.

கொலாஜன் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது? அதன் அமைப்பு சென்னையிலேயே கண்டறியப்பட்டது என்பது நமக்கெல்லாம் பெருமை. 1952-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் ஜி. என். இராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது சுமார் முப்பதுதான். சென்னைக்கு வந்த பெர்னால் என்ற இலண்டன் விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று கூற, அதையே தம் ஆராய்ச்சியாகக் கொண்டார். கங்காரு வாலின் நாணிலிருந்து கிடைத்த கொலாஜனை எக்ஸ்ரே கதிர்களால் படமெடுத்து ஆராய்ந்தார். அவரும் கோபிநாத் கர்த்தாவும் தாங்கள் கண்ட அமைப்பை 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

அந்த அமைப்பைப் புரிந்துகொள்வது நமக்கு எளிது. நாம் தினமும் காலையில் முடியை மூன்று புரியாகப் பிரித்துப் பின்னிக்கொள்கிறோமே, ஏறத்தாழ அதைப் போன்றதுதான்! மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 1000 அமினோ அமிலங்கள். அவற்றில் ஒவ்வொரு மூன்றாவதும் கிளைசீன். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. பின்னலின் நடுவே இருக்கும் நெருக்கத்தில் அது ஒன்றுதான் அடங்கும். வெப்பம் மிகுந்தால் இப்பின்னல் அவிழ்ந்து தோல் சுருங்குகிறது.

அவிழாமல் காப்பது எப்படி? ரிப்பன் கட்டுவதைப் போலப் புரிகளைப் பிணைப்பதே தோல் பதனிடுதல். முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இவ்வேலையைச் செய்தன. இன்று பெரும்பாலும் குரோமியம் உப்பு பயன்படுகிறது. சுண்ணாம்பிட்டு முடி நீக்கிய தோலை முதலில் உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊற வைக்கிறார்கள். அமிலம் மிகுந்திருக்கும்போது குரோமியம் பற்ற வேண்டிய இடங்கள் மூடிக்கொள்கின்றன. அதனால் குரோமியம் மேலேயே ஒட்டிவிடாமல் தோலின் உள்வரை சென்று சேர்கிறது. பிறகு சிறிது சிறிதாகச் சோடா உப்பைச் சேர்த்து அமிலத்தைக் குறைக்கும்போது, அவ்விடங்கள் திறந்து குரோமியத்தைப் பற்றிக்கொள்கின்றன. இளநீல நிறத்தில் வெளிவரும் இத்தோலே 'வெட் புளூ'. நன்கு பதனிட்டால் இது கொதிநீரிலும் சுருங்காது.

ஆனால் இட்ட குரோமியம் முழுவதும் தோலில் தங்குவதில்லை. பழைய முறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழிவுநீரோடு போய்விடும். உப்பும் உடன் போகும். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் மொண்டு குடித்த கதையை நம் பாட்டிமார் சொல்கின்றனர். நாமோ கேன் தண்ணீர் வாங்குகிறோம். வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழாகியுள்ளது என்று அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றும் கூறியது.

அப்படியானால் தொழிலை மூடிவிடலாமா? அத்தொழிலில் உழைக்கும் எத்தனையோ தந்தையரும் அன்னையரும் என்ன செய்வர்? இதற்கும் அறிவியலே வழி காட்டுகிறது. குரோமியம் முழுவதையும் பின்னலிலேயே தங்கவைத்துவிட்டால் ஆற்றுக்கு அது போகாதல்லவா? 1948-இல் தொடங்கப்பெற்ற சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், கழிவுநீரிலிருந்து குரோமியத்தை மீட்கும் முறையையும், குரோமியம் இடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத முறையையும் உருவாக்கித் தந்துள்ளது. உப்பைக் குறைப்பது இன்னும் கடினமான வேலையாகவே இருக்கிறது.

இராமச்சந்திரன் 1963-இல் தம் குழுவினருடன் வகுத்த வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம் என்பதைக் காட்டுவது. உலகெங்கும் அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. புரதங்களின் வடிவத்தைக் கணிப்பொறியின் செயற்கை அறிவால் முன்கூட்டியே கணித்தவர்களுக்கு 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவ்வாறு கணித்த வடிவங்களையும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். இக்கருவிகளெல்லாம் இனி நம் தலைமுறையின் கைக்கு வரும்.

தோழியரே! இனி அந்த வாடை வீசும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோம், தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிடாமல் சற்றுச் சிந்திக்கவும் செய்வோம். தோலுக்குள் இத்துணை நுட்பமான பின்னலை வைத்த இறைவனே நமக்குப் பாலாற்றையும் தந்தார். தந்தையரின் கூலியும் கெடாமல், ஆற்றின் நீரும் கெடாமல் காக்கும் வழியை நம்மில் ஒருத்தி கண்டுபிடிக்கக் கூடாதா? அதற்கு முதற்படி, நாளைய வேதியியல் பாடத்தை இன்றே கருத்தூன்றிப் படிப்பதுதான்.