வீட்டுக்கு ஒரு வெட்டும் மெஷின்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கார்த்திகை பிறக்கும் முன்பே திருவண்ணாமலையில் கைவேலைக்காரர்களுக்கு ஆர்டர் சேரத் தொடங்கிவிடும். வாசலுக்குத் தீபக் கோல ஸ்டிக்கர், கல்யாணத்துக்கு ஆரத்தித் தட்டு, பிறந்தநாளுக்குப் பெயர் வெட்டிய கேக் டாப்பர், தாம்பூலப் பையில் ஒட்ட அண்ணாமலையார் உருவம் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். இவற்றையெல்லாம் கத்தரிக்கோலாலும் பேனாக் கத்தியாலும் வெட்டி விரல் காய்த்தவர்கள் இப்போது மின்னணு வெட்டும் மெஷினை விசாரிக்கிறார்கள். பலரும் குழுக் கடனிலோ நகையை அடகு வைத்தோதான் இதை வாங்குவார்கள். அந்தப் பணம் தப்பான ஒரு நம்பிக்கையில் போய் முடங்கிவிடக் கூடாது.

வீட்டு மெஷின்களில் மூன்று குடும்பங்கள் முக்கியமானவை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கிரிகட் ஒன்று. ஜப்பானின் கிராஃப்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த சிலுவெட் இன்னொன்று. அதன் கேமியோ, போர்ட்ரெயிட் மாடல்கள் பலருக்கும் தெரிந்தவை. மூன்றாவது, தையல் மெஷினுக்குப் பேர்போன பிரதரின் ஸ்கேன்-என்-கட். மூன்றும் செய்வது ஒரே வேலைதான். கணினியிலோ மெஷினிலோ இருக்கும் கோட்டின் மேல் ஒரு சின்ன பிளேடு ஓடுகிறது. காகிதத்தை ஒட்டும் பசையுள்ள ஒரு மேட் பிடித்துக்கொள்கிறது.

“விலை கூடிய மெஷின் எதையும் வெட்டும்”

வெட்டாது. 2017-இல் வந்த கிரிகட் மேக்கரில் ‘நைஃப் பிளேடு’ போட்டால் ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர் வரை போகும். அதுவும் மென்மரம், கனத்த அட்டை போன்றவற்றில்தான். ஒரே ஓட்டத்தில் முடியாது, அதே கோட்டில் பலமுறை ஓடி மெல்ல அறுக்கும். கல்யாண மேடைக்கான தெர்மாகோல் பெயருக்குச் சூடான கம்பிதான் சரி. 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் பெயர்ப்பலகைக்கு லேசர் வேண்டும். உங்கள் ஆர்டரில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான் என்றால், பிளேடு மெஷினில் எந்த மாடலும் உதவாது.

மேக்கருக்கு உண்மையாகவே கூடுதல் விலை கொடுக்கத்தக்க இடம் துணி. அதன் சுழல் பிளேடு, பின்னால் எதையும் ஒட்டாத துணியையும் வெட்டும். ஆரணிப் பட்டுத் துண்டுகளில் பூவும் மாங்காயும் வெட்டி ஆரத்தித் தட்டில் பதிப்பவர்களுக்கு அது பயன்படும். காகிதமும் ஸ்டிக்கரும்தான் வேலை என்றால் அதைவிட விலை குறைந்த, கிரிகட்டின் எக்ஸ்ப்ளோர் வரிசையே போதும்.

“லேசர் வாங்கினால் எல்லாம் முடிந்தது”

வினைல் ஸ்டிக்கர் பெரும்பாலும் பி.வி.சி. அதை லேசரில் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் கெடுக்கும், மெஷினின் இரும்பையும் துருவாக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் இதை நினைத்தே பார்க்கக் கூடாது. மலிவு விலையில் விற்கும் டயோடு லேசர் நிறமில்லாத அக்ரிலிக்கை வெட்டாது என்பதையும் விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

“தமிழில் டைப் செய்தால் தமிழில் வெட்டும்”

பணம் போவது அதிகமும் இங்கேதான், கவலையோடு சொல்கிறேன். இந்த மெஷின்களும் அவற்றின் செயலிகளும் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ‘அருணாச்சலேஸ்வரர்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ச், ஸ், ர் மூன்றின் புள்ளிகளும் எழுத்தைத் தொடாமல் தனியே நிற்பவை. ‘ணா’வின் காலும் ‘லே’யின் கொம்பும் தனித் துண்டுகள். சில செயலிகளில் கொம்பு இடம் மாறி உட்காரும், சிலவற்றில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

இதற்கு வழி இருக்கிறது, செலவும் இல்லை. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் யூனிகோடு எழுத்தில் பெயரை அடித்து, அதை எழுத்தாக வைக்காமல் வடிவமாக மாற்றிவிட வேண்டும். ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ என்ற கட்டளை அதைச் செய்யும். அதன் பிறகு மெஷினுக்கு அது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, வெறும் கோடு. கிரிகட்டுக்கு எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமியுங்கள். சிலுவெட் செயலியின் இலவசப் பதிப்பு எஸ்.வி.ஜி.யைத் திறக்காது. அதற்குப் பணம் கட்டி மேல்பதிப்பு வாங்க வேண்டும் என்று உடனே நினைக்க வேண்டாம், டி.எக்ஸ்.எஃப். கோப்பாகச் சேமித்தால் இலவசப் பதிப்பே திறந்துவிடும்.

வெட்டிய பிறகும் கவனம் வேண்டும். வினைலில் டிரான்ஸ்ஃபர் டேப் எல்லாத் துண்டுகளையும் இடம் பிசகாமல் சேர்த்துத் தூக்கும். ஆனால் எழுத்து மிகச் சிறிதானால், வேண்டாத பகுதியை உரிக்கும்போது புள்ளியும் கூடவே போய்விடும். கேக் டாப்பருக்கு அட்டையில் வெட்டினால் நிலைமை இன்னும் மோசம்: எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுப் பின்னியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரே துண்டு துண்டாக உதிரும். புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி எழுத்தோடு இணைத்து, அடியில் ஒரு பட்டை ஓடவிட்டு, எல்லாவற்றையும் ‘வெல்ட்’ செய்து ஒரே வடிவமாக்கிக்கொள்ளுங்கள். டாப்பர் வெட்டும் மினுமினுப்பு அட்டை உண்பதற்கான பொருள் இல்லை. கேக்கில் அது நேரடியாகப் படாமல் குச்சியில் உயர்த்தி நிறுத்துங்கள்.

“கோலத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் போதும்”

சிக்குக் கோலம் போடத் தெரிந்தவருக்கு இந்த மெஷின் பெரிய வரம். கணினிக்குத் தெரியாத ஒரு விஷயம் மட்டும் நடுவில் நிற்கிறது. போட்டோவைப் பார்த்துக் கணினியில் நாம் இழுப்பது கோடு. மெஷின் அந்தக் கோட்டின் நடுவே ஒரே வெட்டு வெட்டிவிட்டுப் போகும், கையில் ஒன்றும் மிஞ்சாது. கோட்டுக்கு அகலம் கொடுத்து நாடாவாக்க வேண்டும்; இங்க்ஸ்கேப்பில் அது ‘ஸ்ட்ரோக் டு பாத்’. பிறகு இழைகள் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்தையும் ஒன்றாக்க வேண்டும். இதை விட்டால் குறுக்கு வரும் இடமெல்லாம் பிளேடு வெட்டி, நாற்பது சந்திப்பு உள்ள கோலம் நாற்பதுக்கும் மேல் துண்டுகளாகும். சரியாக இணைத்த சிக்குக் கோலமோ ஒரே நாடாவாக மேட்டிலிருந்து எழுந்து வரும். கை பழகியவருக்கு அதைப் பார்ப்பதே மகிழ்ச்சி.

கோலமாவு தூவ ஸ்டென்சில் வேண்டுமென்றால் கணக்கு தலைகீழ். அங்கே வெட்டி எடுப்பது இழையை. ஆகவே இழைக்குள் அடைபட்ட ஒவ்வொரு கட்டமும் பிடிமானமில்லாமல் கீழே விழும். நடுநடுவே பாலம் விட வேண்டும், அல்லது பூக்கோலமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணினி கைவராதவர்களுக்கு ஸ்கேன்-என்-கட்டைத் துணிந்து சொல்வேன். வெள்ளைத் தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடித்த கோட்டில் வரைந்து உள்ளே விட்டால், அதிலேயே உள்ள ஸ்கேனர் படித்து, கணினி இல்லாமலே வெட்டும். பாட்டி போடும் கோலம் பாட்டியின் கைவளைவோடு ஸ்டிக்கராகும்.

“வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும்”

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. 2021 மார்ச்சில் கிரிகட், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 சொந்த வடிவமைப்புகளுக்கு மேல் ஏற்ற முடியாது என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழ, சில நாட்களிலேயே கைவிட்டது. சந்தா முக்கியமாக அந்த நிறுவனத்தின் படக் களஞ்சியத்துக்கு. உங்கள் கோலத்துக்கு அது தேவையில்லை.

ஆனால் அந்தச் சம்பவம் சொன்ன உண்மை ஒன்று உண்டு. கிரிகட்டின் செயலி நிறுவனத்தின் கணக்கையும் இணையத்தையும் நம்பியிருப்பது. சிலுவெட் செயலி இணையம் இல்லாமலே ஓடும். மகாதீபத்துக்கு மக்கள் லட்சக்கணக்கில் திரண்டு, செல்போனில் அழைப்பே போகாமல் திணறும் ஊரில் இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆர்டர் குவிவதும் அந்த நாட்களில்தான்.

“ஸ்டிக்கர் கடை பிளாட்டரின் வேலையை இது செய்துவிடும்”

பாதி உண்மை. சிலுவெட்டின் தாய் நிறுவனம் பிளாட்டர் செய்யும் நிறுவனமே. ஆனால் வீட்டு மெஷினின் வழக்கமான அகலம் 12 அங்குலம், போர்ட்ரெயிட்டில் 8 அங்குலம். ஆட்டோவின் பின்கண்ணாடிக்கு முழு நீளப் பெயர், நூறு வண்டிக்கு ரேடியம் ஸ்டிக்கர் என்றால் இரண்டடி பிளாட்டர் உள்ள கடையில் கோப்பைக் கொடுத்து வெட்டி வாங்குவதே லாபம்.

“மெஷின் வாங்கியதோடு செலவு முடிந்தது”

பிளேடு மழுங்கும், மேட்டின் பசை தூசியிலும் நூலிலும் செத்துப்போகும். வினைலிலும் வகை பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஆரகல் வினைலில் 631 உரித்து எடுக்கக்கூடியது, சுவருக்கு. 651 நிலையாகப் பிடிப்பது, வெளிப்புறத்துக்கு. தினமும் தண்ணீர் தெளித்துக் கழுவும் வாசற்படியில் 631 தங்காது. சொரசொரப்பான கருங்கல்லில் இரண்டுமே தங்காது; வழவழப்பான டைல்ஸோ மெருகிட்ட கல்லோ இருந்தால்தான் அந்த ஆர்டரை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் மெஷின் என்றால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கில் செருகுங்கள். வாரண்டி இந்தியாவில் செல்லுமா, அந்த மாடலுக்கான பிளேடும் மேட்டும் சென்னையிலாவது கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எங்கே வாங்கினாலும் ‘அருணாச்சலேஸ்வரர்’ என்று 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கோப்பைப் பென்டிரைவில் எடுத்துப் போய், கடையிலேயே வினைலில் ஒன்றும் அட்டையில் ஒன்றுமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். மூன்று புள்ளிகளும் தங்கள் இடத்தில் இருந்தால் பணத்தை எடுக்கலாம்.