தலையில் பலத்த அடிபட்ட குழந்தை: பின்விளைவை முன்னறிவது எங்ஙனம்?

மரத்திலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ விழுந்தும், சாலையில் வாகனம் மோதியும் தலையில் பலத்த காயமுற்று நினைவிழந்த குழந்தையைக் கண்டதும் ஊரார் கேட்பது, "பிள்ளை பிழைக்குமா? பிழைத்தால் பழையபடி ஆகுமா?" என்பதே. மருத்துவர் உடனே விடை கூறாதது கண்டு சிலர் அவரையே ஐயுறுகின்றனர். அவர் எவற்றைக் கொண்டு விடை தேடுகின்றார் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம். அவற்றுள் சில, விபத்து நிகழ்ந்த இடத்தில் நாம் கண்டு சொல்ல வேண்டியவையாகும்.

ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்னும் மருத்துவ நிபுணர் இருவர் 1974-ஆம் ஆண்டில் ஓர் அளவுமுறையை வெளியிட்டனர். கண் திறத்தல், பேச்சு, கைகால் அசைவு என்னும் மூன்றையும் சோதித்து மதிப்பிடுவது அம்முறை. இன்று வழங்கும் கணக்கில் முழு மதிப்பெண் 15. எவ்வித அசைவும் அற்றவர்க்கு 3. எட்டும் அதற்குக் கீழும் கடுங்காயம் எனப்படும். பேச்சு வராத கைக்குழந்தைக்கு அழுகையையும் மழலையையும் கொண்டு மதிப்பிடுவர். இரு கண்மணிகளும் விரிந்து, ஒளி பட்டும் சுருங்காதிருப்பின் அது கவலைக்குரிய அறிகுறி.

எனினும் முதல் மணி நேரத்து மதிப்பெண்ணே முடிவன்று. மூச்சுத் தடையாலும் இரத்த இழப்பாலும் அது தாழ்ந்திருக்கக்கூடும். ஆகவே அவற்றைச் சீர்செய்த பின்னரே மருத்துவர் மீண்டும் அளக்கின்றார். தலையின் ஸ்கேன் படத்தையும், நினைவு திரும்ப எத்தனை நாளாகின்றது என்பதையும் சேர்த்தே முடிவு கூறுகின்றார்.

பிராணவாயுக் குறைவும் இரத்த அழுத்தத் தாழ்வும் காயமுற்ற மூளையை மேலும் கெடுப்பவை. நம் ஊர்களிலோ சோடா வாங்க ஒருவர் ஓடுவார். வலிப்புக் கண்டால் இரும்புச் சாவி தேட மற்றொருவர் ஓடுவார்! நினைவற்ற பிள்ளைக்கு வாயில் எதுவும் புகட்டலாகாது. பிடித்து உலுக்கவும் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வாந்தி மூச்சை அடைக்காதவாறு, கழுத்து திருகாமல் ஒருக்களித்துக் கிடத்தி, வழியும் குருதியைத் தூய துணியால் அடக்க வேண்டும். விபத்து நேர்ந்த மணியையும், வலிப்பு வந்ததா என்பதையும் குறித்துச் சொல்ல வேண்டும். விழுந்தவுடன் பேசியதா என்பது மிக முக்கியம். பேசிய பிள்ளை பிறகு மயங்குமாயின் மண்டையினுள் குருதி கட்டி வருவதாக இருக்கலாம். காலத்தே அறுவை செய்யின் அத்தகைய பிள்ளை நன்கு தேறுவதுண்டு.

"சின்னப் பிள்ளை, சீக்கிரம் தேறிவிடும்" என்னும் நம்பிக்கை முழுதும் சரியன்று. மிக இளம் பருவத்தில் மூளை அடிபடின், இனிமேல் கற்கவேண்டியவற்றைக் கற்கும் திறனே குன்றக்கூடும். நடந்து வீடு திரும்பிய பிள்ளைக்கும் மறதி, கவனக்குறைவு, சட்டெனச் சினம் ஆகியன சில ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் வெளிப்படலாம். அதனைச் சோம்பல் என்று அடிப்போரும் உளர். அத்தகைய பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் நாளில், பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் பெற்றோருடன் சென்று காயத்தின் விவரத்தைத் தலைமையாசிரியரிடம் தெரிவித்தல் வேண்டும். வகுப்பு மாறுந்தோறும் புதிய ஆசிரியருக்கும் அதனைச் சொல்லி வைக்க வேண்டும்.