ஒடுங்கிய வழியில் ஒன்றுபடும் அணுக்கள்

இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார மாணவர்க்குப் பிளவக்கல் அணை புதியதன்று. அதன் பரந்த நீர்ப்பரப்பில் மிதக்கும் இரு சருகுகள் சந்திக்காமலே விலகிப் போகலாம். அவையே ஒடுங்கிய வாய்க்காலில் இறங்கினால் ஒன்றையொன்று விலகிச் செல்ல இடமிராது. இடத்தின் ஒடுக்கம் சேர்க்கைக்குத் துணையாகும் இவ்வியல்பு, அணுக்களின் உலகில் இன்னும் வியப்பாக விளங்குகின்றது.

1924-இல் டாக்காப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போசு, ஒளித்துகள்களைக் கணக்கிடும் புதுமுறையொன்றை வகுத்து ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார், அணுக்களுக்கும் விரித்துரைத்தார். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அணுக்கள் பல ஒரே நிலையில் திரளும் என்பது அதன் முடிவு. 1995-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் ருபீடியம் அணுக்களைக் கொண்டு இது மெய்ப்பிக்கப்பட்டது.

இத்தகு குளிர்ந்த வாயுவில் இரண்டு அணுக்கள் மூலக்கூறாக இணைவது எங்ஙனம்? அணு அலையியல்பும் உடையது. சிறு இடத்துள் அடக்கப்பட்ட அலை விரிந்தோட முயலும். எனவே முப்பரிமாண வெளியில் ஈர்ப்பு ஓரளவிற்குக் குறையின் பிணைப்பு நிகழாது. லேசர் ஒளியால் அமைத்த நுண்குழாய்களுள் அணுக்களை அடைத்தாலோ, பக்கவாட்டில் விரிய வழியில்லை. அவ்வொருபரிமாண நிலையில் சிறிதளவு ஈர்ப்பும் பிணைப்பிற்குப் போதும். வெப்பம் மிகுந்தால் அணுக்கள் பக்கவாட்டு அசைவையும் பெற்றுவிடும். ஆதலின் கடுங்குளிர் இன்றியமையாதது.

குழாயின் நெருக்கம் அணுமோதலின் இயல்பையே மாற்றும் என்று 1998-இல் மாக்சிம் ஒல்ஷானி கணித்தார். 2005-இல் சூரிச் நகரில் எசுலிங்கர் குழுவினர் பொட்டாசியம்-40 அணுக்களை ஆய்ந்தனர். திறந்த வெளியில் மூலக்கூறு நிலைக்கவியலாத காந்தப்புல அளவிலும், குழாயினுள் மூலக்கூறுகள் இருப்பதை வானொலி அலைகளால் அளந்து காட்டினர்.

மற்றொரு நுட்பமும் உண்டு. பொட்டாசியம்-40 அணு ஃபெர்மி வகையினது. தனித்து நிற்கையில் போசின் கணக்கிற்கு உட்படாது. இரண்டு இணைந்த மூலக்கூறோ அதற்கு உட்படும். 2003-இல் போல்டரிலும், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலும் ஃபெர்மி அணுக்களின் இணைகளால் ஆன மூலக்கூறுத் திரள்கள் உருவாக்கப்பட்டன.

வாய்க்காற் சருகு உவமையே. சருகு பிணைவதில்லை, அணு பிணைகின்றது. எனினும் நெருக்கம் தடை மட்டுமன்று, சில வேளை உறவிற்கு வழியுமாம் என்பதை இரண்டும் உணர்த்துகின்றன. டாக்காவில் எழுந்த ஒரு சிந்தனை உலக ஆய்வகங்களை இயக்கியது. பிளவக்கல் கரையில் நின்று வினவும் மாணவனுக்கும் அவ்வழி திறந்தே உள்ளது.